குழு இல்லாத நாடகம், எழுதப்படாத வசனம்: மதுரை ஸ்பெஷல் நாடகத்தின் பழைய மேடைகளை எங்கே தேடுவது?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரை, சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் அம்மன் கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிடும். அவற்றைத் தொடர்ந்து, கலை நிகழ்ச்சி நடத்தக் காவல்துறை அனுமதி தரவில்லை என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கலாகும் மனுக்களைப் பற்றிய செய்திகளும் வரத் தொடங்கும். அந்தச் செய்திகளில் ஆடல் பாடல், கரகாட்டம், நாடகம் எல்லாம் ஒரே வரியில் அடுக்கப்படுவதால், ஸ்பெஷல் நாடகம் என்பது எது, அதை நடத்துபவர் யார் என்பதில் வாசகர்களுக்குக் குழப்பம் நேர்கிறது. ஒத்திகையே பார்க்காமல் விடிய விடிய ஒரு நாடகத்தை எப்படி நடத்த முடியும் என்பது பொதுவாக எழும் முதல் ஐயம். இதை நடத்துவது எந்தக் குழு, அந்தக் குழு இதுவரை எங்கெல்லாம் என்னென்ன நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கிறது என்பது இரண்டாவது. எழுதி வைக்காமல் பேசப்பட்ட நாடகத்துக்குப் பதிவு ஏதேனும் உண்டா என்பது மூன்றாவது.

இவற்றில் இரண்டாவது கேள்வி, கேட்கப்படும் விதத்திலேயே பிழையானது. ஸ்பெஷல் நாடகத்துக்குக் குழு கிடையாது. தனித்தனியாக அழைக்கப்படும் கலைஞர்கள் ஓர் இரவுக்கு மட்டும் சேர்ந்து நடத்தும் நாடகம் அது. இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும். பழைய நிகழ்ச்சிகளின் வரலாற்றை எங்கே தேட வேண்டும், எங்கே தேடிப் பயனில்லை என்பதும் அதிலிருந்தே விளங்கும்.

ஓர் இரவுக்கு மட்டும் சேரும் கலைஞர்கள்

கம்பெனி நாடகத்தில் முதலாளி ஒருவர் இருப்பார். நடிகர்கள் அவரிடம் சம்பளத்துக்கு இருப்பார்கள், காட்சித்திரைகளும் உடைகளும் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும், ஒரே நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு செல்வார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. திருவிழா நடத்தும் ஊரார், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் திரட்டி, நாடக அமைப்பாளர் ஒருவரை அணுகுவார்கள். ஏஜெண்டு என்றும் அழைக்கப்படும் அவர், ஊரார் விரும்பும் நாடகத்துக்கு ராஜபார்ட் (கதாநாயகன்) ஒருவரையும் ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒருவரையும் பபூன் (கோமாளி), டான்ஸ் (நடனமாடும் பெண் வேடம்), நாரதர் ஆகியோரையும் தனித்தனியாகத் தேதி கேட்டு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்வார். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், ஒலி விளைவுகளையும் சேர்த்துக் கவனிக்கும் ஆல்ரவுண்டு ஆகிய இசைக் கலைஞர்களும் இவ்வாறே தனித்தனியாக அழைக்கப்படுவர். காட்டையும் அரண்மனையையும் தெருவையும் தீட்டிய சீன் திரைகளை வாடகைக்குக் கொடுப்பவர் வேறொருவர்.

ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்தும், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்தும், பபூன் திண்டுக்கல்லிலிருந்தும் பேருந்தில் வந்து இறங்கலாம். தத்தம் உடைப்பெட்டியையும் ஒப்பனைப் பொருட்களையும் அவர்களே கொண்டுவருவர். மேடைக்குப் பின்னால் தென்னங்கிடுகு வைத்து மறைத்த ஒப்பனைக் கொட்டகையில்தான் அன்றைய நடிகர்கள் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். அதற்கு முன் அதே சேர்க்கையில் அவர்கள் நடித்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நடித்திருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. விடிந்ததும் ஊதியம் கைக்கு வரும், சேர்க்கை கலையும். ஒவ்வொருவரின் ஊதியமும் அவரவர் பெயருக்கும் சந்தைக்கும் ஏற்ப வேறுபடும்.

இந்தக் கலைஞர்களை இணைக்கும் நிலையான அமைப்பு என்று இருப்பது சங்கம்தான். மதுரையில் இயங்கும் தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் 1923ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. சங்கம் நாடகம் போடுவதில்லை. உறுப்பினர்களின் நலனையும் தொழில் ஒழுங்கையும் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. ஆகவே "மதுரை ஸ்பெஷல் நாடகக் குழுவின் கடந்தகால நிகழ்ச்சிகள்" என்று ஒரு பட்டியலை யாரிடம் கேட்டாலும் கிடைக்காது. இருப்பவை ஒவ்வொரு கலைஞரின் தனித்தனிக் கடந்தகாலங்கள் மட்டுமே. ஒரு நிகழ்ச்சி என்பது அப்படிப்பட்ட எட்டுப் பத்துக் கடந்தகாலங்கள் ஓர் இரவில் குறுக்கிட்ட புள்ளி.

ஒத்திகை தேவைப்படாததன் காரணம்

கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகரும் வயலின் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் அன்று மாலைதான் சந்தித்துக்கொண்டார்கள் என்றால் யாரும் வியப்பதில்லை. ராகமும் தாளமும் கீர்த்தனைகளும் மூவருக்கும் பொதுவான பாடம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்பெஷல் நாடகமும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. வேறுபாடு என்னவென்றால், அந்தப் பொதுப் பாடம் எப்போது, எப்படி உருவானது என்பதை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடியும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி போன்ற புராண, இதிகாச நாடகங்களைப் பாட்டும் விருத்தமும் வசனமுமாக எழுதினார். வயதுவந்த நடிகர்கள் மேடையில் தம் விருப்பம்போல் நடந்துகொள்வதைக் கண்டு சலித்த அவர், கட்டுப்பாட்டுக்குள் வளர்க்கக்கூடிய சிறுவர்களைக் கொண்டு நாடக சபைகளை நடத்தத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபை அவற்றுள் முக்கியமானது. பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். எம்.ஜி. ராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா போன்றோரைப் பயிற்றுவித்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இதே பால சபை மரபில் வந்தது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மேடையில் சொந்தச் சரக்கைச் சேர்ப்பதைத் தடுப்பதற்காகவே பால சபைகள் எழுந்தன. சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் வரிபிசகாமல் மனப்பாடம் செய்விக்கப்பட்டன. ஆனால் ஒரே பாடத்தை வெவ்வேறு சபைகளில் மனப்பாடம் செய்த நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வளர்ந்து, குரல் உடைந்து, சபையை விட்டு வெளியேறியபோது, அவர்களில் எந்த ஐந்து பேரை ஒரு மேடையில் நிறுத்தினாலும் வள்ளி திருமணம் நடத்திவிட முடியும் என்ற நிலை உருவாகியிருந்தது. கட்டுப்பாட்டுக்காகக் கொடுத்த பயிற்சியே கட்டற்ற மேடைக்கு முதலீடாகிவிட்டது. என் கணிப்பில், ஸ்பெஷல் நாடகத்தின் தோற்றத்துக்குச் சொல்லப்படும் மற்றக் காரணங்கள் எல்லாம் இதற்கு அடுத்த நிலையில் வருபவையே.

அந்த மற்றக் காரணங்களில் பெரியது நட்சத்திர ஈர்ப்பு. 1920களின் பிற்பகுதியில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து பாடுவதைக் கேட்கத்தான் கூட்டம் வந்ததே தவிர, கதை தெரியாமல் யாரும் வரவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற பவளக்கொடி நாடகம்தான் 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமானது. பெயர்பெற்ற இருவரை ஓர் இரவுக்கு மட்டும் தனியாக ஒப்பந்தம் செய்து மோதவிடும் ஏற்பாடு கொட்டகை முதலாளிகளுக்கு லாபமாக இருந்தது. திரைப்படம் அந்த நட்சத்திரங்களை எடுத்துக்கொண்ட பிறகு, ஏற்பாடு மட்டும் கிராமத் திருவிழாவில் தங்கிவிட்டது.

எது நிலையானது, எது மேடையில் பிறப்பது

ஒத்திகை இல்லை என்பதால் எல்லாமே அந்த நேரத்தில் தோன்றுபவை என்று கொள்வது தவறு. ஓர் இரவின் நிகழ்ச்சியை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. கதையும் காட்சி வரிசையும் மாறுவதில்லை. வள்ளி திருமணம் என்றால் நாரதர் வருவார், வள்ளியைக் கண்டு முருகனிடம் சொல்வார், முருகன் வேடனாக வருவார், பிறகு கிழவனாக வருவார், யானை வரும், இறுதியில் திருமணம் நடக்கும். இதைப் பார்ப்பவர்களும் அறிவார்கள்.

2. பாடல்கள் பாதி நிலையானவை. சுவாமிகளின் பாடல்களில் எவை தவிர்க்க முடியாதவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த விருத்தத்தை எந்த ராகத்தில் எவ்வளவு நேரம் விரிப்பது என்பது பாடுபவரின் அன்றைய தொண்டையையும் ஆர்மோனியக் கலைஞரின் கையையும் பொறுத்தது. ஆர்மோனியம் இங்கே வெறும் பக்கவாத்தியம் அன்று. அடுத்த பாட்டுக்குச் சுருதி காட்டுபவரும், இழுத்துக்கொண்டே போகும் பேச்சை முடிக்கச் சைகை தருபவரும், தடுமாறும் நடிகருக்குப் பின்பாட்டுப் பாடித் தாங்குபவரும் அவரே. இயக்குநர் இல்லாத மேடையில் இயக்குநருக்கு மிக நெருங்கியவர் ஆர்மோனியத்தில் அமர்ந்திருப்பவர்தான்.

3. தொடக்க நகைச்சுவை மிகச் சுதந்திரமானதாகத் தோன்றும், ஆனால் உள்ளுக்குள் மிக இறுக்கமானது. பபூன் தனியாக வந்து பாடுவார், ஊரை வாழ்த்துவார், கதை சொல்வார். பின் டான்ஸ் வருவார், இருவரும் வழியில் மோதிக்கொள்வர், வாய்ச்சண்டை வரும், போட்டி வரும், காதலில் முடியும். வெடிச் சிரிப்பை எழுப்பும் வரிகள் பலவும் ஆண்டுக்கணக்காகப் பலரும் கையாண்டு வந்தவை. புதிதாகச் சேர்வது அந்த ஊரின் பெயரும், அன்றைய செய்தியும், முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார் என்பதும்தான்.

4. உண்மையில் கட்டற்றது தர்க்கம். நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலும், வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் இடையிலும் நடக்கும் இந்த வாக்குவாதத்தில், ஆண் உயர்வா பெண் உயர்வா என்பதிலிருந்து புராணத்தின் நுணுக்கமான கிளைக்கதைகள் வரை எதையும் கேள்வியாக எழுப்பலாம். எதிரில் நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டும், முடிந்தால் பாட்டிலேயே சொல்ல வேண்டும். முடிவு என்ன என்று கதை சொல்லிவிட்டாலும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் யார் யாரை மடக்குவார் என்பதை யாரும் சொல்ல முடியாது. ஊரார் ஸ்திரீபார்ட்டையும் ராஜபார்ட்டையும் பெயர் சொல்லிக் கேட்டு ஒப்பந்தம் செய்வது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

இவற்றுக்கு இடையே பார்வையாளரும் குறுக்கிடுவர். அன்பளிப்பாக வரும் ரூபாய் நோட்டும், கொடுத்தவரின் பெயரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். தர்க்கத்தின் நடுவே நிற்கும் வள்ளி அதற்கு வள்ளியாகவே நின்று நன்றி சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். திரைப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிச் சீட்டு வந்தால் அதையும் கதைக்குள் எங்காவது நுழைத்தாக வேண்டும். தொழிலில் தேர்ந்தவரையும் புதியவரையும் பிரித்துக் காட்டுவது இந்தத் தையல் வெளியே தெரிகிறதா இல்லையா என்பதுதான்.

பழைய இரவுகளின் தடயம்: நோட்டீஸ்

குழு இல்லை, கைப்பிரதி இல்லை, ஒத்திகைக் குறிப்பு இல்லை. அப்படியானால் கடந்துபோன நிகழ்ச்சிகளுக்கு எஞ்சியிருப்பது என்ன? முதல் விடை, ஒவ்வொரு நாடகத்துக்கும் அச்சிடப்படும் நோட்டீஸ். ஊர், நாள், திருவிழா, நாடகத்தின் பெயர், நடிகர்களின் படமும் பட்டமும் சொந்த ஊரும், இசைக் கலைஞர்களின் பெயர்கள், அமைப்பாளர், விழாக்குழு, அச்சகம் ஆகிய எல்லாம் அதில் இடம்பெறும். அது விளம்பரம் மட்டுமன்று. இன்னார் வருவார் என்று ஊருக்குக் கொடுத்த வாக்கும் ஆகும். குறிப்பிட்ட நடிகர் வராவிட்டால் ஊரார் கையில் பிடித்துக்கொண்டு கேட்பது அந்தத் தாளைத்தான். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய அச்சுச் சேகரிப்பில் பழைய நாடக நோட்டீஸ்களும் உண்டு. அச்சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் நிறுவப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், இந்நாடகத்தின் வரலாற்றைக் கட்டியெழுப்ப நோட்டீஸ்களையே முக்கிய ஆதாரமாகக் கொண்டார்.

ஆனால் நோட்டீஸை ஆவணமாகப் பயன்படுத்துவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அது அடுத்த வாரம் நடக்கப்போகும் நிகழ்ச்சிக்காக அச்சிடப்படுவது. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் எடுத்துப் பார்ப்பார் என்று அச்சகத்தார் நினைப்பதில்லை. ஆகவே ஆங்கில ஆண்டு விடுபட்டு, தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் தேதியும் கிழமையும் மட்டுமே இருப்பது உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகின்றன. பிரபவ ஆண்டு என்றால் அது 1927இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1987இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். வீட்டுப் பரணிலோ பழைய அச்சகத்திலோ இத்தகைய தாள் கிடைத்தால் காலத்தைக் கணிக்கப் பின்வரும் தடயங்கள் உதவும்.

1. கிழமை: தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏப்ரல் 14 என்ற நாள் 1927இல் வியாழக்கிழமை, 1987இல் செவ்வாய்க்கிழமை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்குவதால், நிகழ்ச்சியின் பெரும்பகுதி நோட்டீஸில் உள்ள தேதிக்கு மறுநாள் நடந்ததாகும்.

2. மாவட்டத்தின் பெயர்: 1985 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய சிவகங்கை மாவட்டம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரையும், இன்றைய விருதுநகர் மாவட்டம் காமராசர் பெயரையும் பெற்றன. 1997இல் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. ஆகவே "காமராசர் மாவட்டம்" என்று அச்சிட்ட நோட்டீஸ் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். பழைய பெயரை விடாத அச்சகங்களுக்காக ஓரிரு ஆண்டுகள் கூட்டிக்கொள்ளலாம்.

3. அஞ்சல் குறியீட்டு எண்: அச்சக முகவரியில் ஆறு இலக்க எண் இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

4. எழுத்து வடிவம்: லை, னை போன்ற எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருந்தால் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறு அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை உடனே தூக்கி எறியவில்லை என்பதால் இதைத் தனிச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

5. படமும் கட்டணமும்: நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டண விவரம் இருந்தால் அது டிக்கெட் போட்டுக் கொட்டகையில் நடந்த நாடகம். கட்டணமில்லாமல் விழாக்குழுவின் பெயர்கள் நிறைந்திருந்தால் ஊர்ப் பொது நாடகம். ஒரே நடிகரின் ஒரே பிளாக் (அச்சுக்கட்டை) படம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியதும் உண்டு. நோட்டீஸில் சிரிக்கும் இளைஞருக்கு மேடையில் அப்போது நாற்பது வயது கடந்திருக்கலாம்.

ஒரே கலைஞரின் நோட்டீஸ்களைக் காலவரிசையில் அடுக்கினால் அவருடைய ஊதியத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரியவரும். எந்த மாவட்டங்களில் அவருக்கு மதிப்பு இருந்தது, யாருடன் அடிக்கடி ஜோடி சேர்ந்தார், எப்போது பட்டம் ஏறியது, எப்போது ராஜபார்ட்டிலிருந்து நாரதருக்கு மாறினார் என்பதையெல்லாம் படித்துவிடலாம். கலைஞர்கள் பலர் தம் நோட்டீஸ்களை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பதற்குப் பழைய நினைவு மட்டும் காரணமில்லை. கம்பெனி கொடுக்கும் அனுபவச் சான்றிதழ் இல்லாத தொழிலில், இத்தனை ஆண்டு மேடையேறினேன் என்பதற்கு அதுதான் சான்று.

நோட்டீஸ் சொல்லாதவை

நோட்டீஸ் முன்கூட்டி அச்சிடப்படுவதால் அது திட்டத்தின் பதிவே தவிர நிகழ்வின் பதிவு அன்று. மழை வந்து நாடகம் நின்றதையும், நடிகர் வராமல் இன்னொருவர் நின்றதையும், தர்க்கம் முற்றி நிஜமான சண்டையானதையும் அது அறியாது. மேடையில் என்ன பேசப்பட்டது என்பதோ அறவே இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் ஆதாரங்கள் இரு வகை. முதலாவது கலைஞர்களின் சொந்தக் குறிப்புகள். நாடகங்களுக்குத் தேசியப் பாடல்களை எழுதிக் குவித்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) 1917 முதல் 1951 வரை எழுதி வந்த நாட்குறிப்புகள் பின்னாளில் நூலாக வெளிவந்தன. எந்த ஊரில் எந்த நாடகம் நடந்தது, யார் வந்தார், யாருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார் என்ற அன்றாடச் செய்திகளின் வழியாக ஒரு காலத்து மேடையின் போக்குவரத்தை அதில் காணலாம். தேதியும் இடமும் பார்க்கும் அமைப்பாளர்களின் டைரிகளும் இதே மதிப்புடையவை. ஆனால் அவை தொழில் கணக்காகக் கருதப்பட்டு ஆண்டு முடிந்ததும் பழைய தாள்காரரிடம் போய்விடுகின்றன.

இரண்டாவது வகை எதிர்பாராத இடத்திலிருந்து வருவது. பிரிட்டிஷ் ஆட்சியில், நாடகத்தை மிகக் கவனமாகக் கேட்டவர்கள் போலீசார். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் காட்சி புராணத்துக்கு உரியது. அங்கே வெள்ளைக் கொக்குகளை விரட்டுவதாகப் பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டைத் தியாகி விஸ்வநாததாஸ் பாடியபோது, விரட்டப்படுவது யார் என்பதைப் புரிந்துகொள்ளாதவர் கொட்டகையில் இருந்திருக்க முடியாது. புராண நாடகத்துக்கு அனுமதி வாங்கி, தேசியப் பாட்டைப் பாடி, மேடையிலேயே கைதாவது அவர் வாழ்க்கையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. 1886இல் சிவகாசியில் பிறந்த அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் துறந்தார். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அன்றைய மேடைப் பேச்சு குற்றமாகக் கருதப்பட்டதால்தான் அதைக் குறித்துவைக்க ஆள் இருந்தது. குற்றம் சாட்டப்படாத பல்லாயிரம் இரவுகளின் பேச்சைக் குறித்துவைக்க யாருமில்லை.

சட்டம் கேட்ட கைப்பிரதி

இங்கிருந்துதான் இன்றைய அனுமதிச் சிக்கலின் வேரைப் பார்க்க வேண்டும். 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், ஆட்சிக்கு எதிரானதாகக் கருதப்படும் நாடகத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகு 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றியது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தே அது வந்தது என்பது நாடக உலகில் எல்லோரும் அறிந்தது. அவரும் பால கம்பெனிகளில் வளர்ந்து, அன்றைய நாளிதழ்ச் செய்தியை அன்றிரவே மேடையில் பேசியவர் என்பது தற்செயல் அன்று. இச்சட்டத்தின்கீழ், நாடகத்தின் கைப்பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை நிலைபெற்றது.

பாட்டும் வசனமும் எழுதி அரங்கேறும் நகரத்துச் சபா நாடகத்துக்கு இது தொல்லை. ஸ்பெஷல் நாடகத்துக்கோ இது நிறைவேற்றவே முடியாத நிபந்தனை. கொடுக்கக்கூடியது சுவாமிகளின் அச்சிட்ட நாடகப் பிரதி ஒன்றுதான். அதற்கும் அன்றிரவு பேசப்படப்போவதற்கும் உள்ள தொடர்பு எலும்புக்கூட்டுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று கூறி நீக்கியது. 1876ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தைப் பின்னர் நாடாளுமன்றமே விலக்கிக்கொண்டது.

கைப்பிரதி கேட்கும் சட்டம் போனது. ஆனாலும் நிகழ்ச்சி அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் சட்டம் ஒழுங்கு என்ற அடிப்படையில் காவல் நிலையத்தில்தான் இருக்கின்றன. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு நீதிமன்றம் அனுமதி வழங்கும்போது, ஆபாச நடனம் கூடாது, சாதி, கட்சி சார்ந்த பாடல்கள் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் விதிக்கப்படுவது வழக்கம். பதிவு செய்த பாட்டுக்கு ஆடும் நிகழ்ச்சிக்கு, எந்தப் பாட்டு என்று முன்கூட்டியே கேட்கவாவது முடியும். அந்நிபந்தனைகளை நாடகத்துக்கும் அப்படியே பொருத்தும்போது, பபூன் என்ன பேசப்போகிறார் என்பதற்கு அமைப்பாளர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. பபூனுக்கே அது முழுமையாகத் தெரியாது.

இரவு பத்து மணி

இவற்றையெல்லாம்விட இந்நாடகத்தின் வடிவத்தை நேரடியாக மாற்றக்கூடியது ஒலி தொடர்பான விதி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. கலாச்சார, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். 2005இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதியாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. தூக்கம், நோயாளிகள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ஆகியவற்றை நினைத்தால் இந்த விதியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் விதி தடைசெய்யும் எட்டு மணி நேரமும் ஸ்பெஷல் நாடகம் வழக்கமாக நடக்கும் எட்டு மணி நேரமும் ஒன்றேதான். வள்ளிக்கும் முருகனுக்கும் விடியற்காலையில் கல்யாணம் நடப்பது கதையின் ஏற்பாடு மட்டுமன்று, ஊரார் எழுந்து நின்று பார்க்கும் மங்கல நிகழ்ச்சி.

எனவே முழு இரவு நாடகம் ஊருக்கு ஊர் வேறுபடும் நடைமுறைச் சமரசத்தில்தான் நிற்கிறது. நேரம் குறையும்போது எது வெட்டப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. எழுதிய நாடகமென்றால் யாராவது உட்கார்ந்து பிரதியைத் திருத்த வேண்டும். இங்கே ஆர்மோனியக் கலைஞரின் ஒரு சைகையில் காட்சி சுருங்கிவிடுகிறது. பபூனும் டான்ஸும் வரும் தொடக்கத்தைக் குறைத்தால் கூட்டம் கூடாது, திருமணத்தை விட்டால் நாடகமே முடியாது. எஞ்சியிருப்பது நடுப்பகுதி. ஆகவே சுருக்கத்தின் சுமை பெரும்பாலும் தர்க்கத்தின் தலையில் விழுகிறது. பிரதி இல்லாததால்தான் இந்நாடகம் எந்த நேர வரம்புக்கும் வளைந்துகொடுத்து உயிரோடு இருக்கிறது. அப்படி வளையும்போது முதலில் இழப்பதும் பிரதியில் இல்லாத அந்தப் பகுதியைத்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் வேளையில். 2021லும் அதே பருவத்தில் கட்டுப்பாடுகள் திரும்பின. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைப் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் ஈட்டும் கலைஞர்களின் நோட்டீஸ் கட்டில் அந்த இரண்டு ஆண்டுகள் வெற்றிடமாகவே இருக்கும்.

காமிரா வந்த பிறகு

1980களில் ஒலிநாடா, பின்னர் குறுந்தகடு, இப்போது யூடியூப் என்று, மேடையில் பேசியதும் பதிவாகத் தொடங்கிவிட்டது. விழாக்குழுவின் காமிராவும் பார்வையாளர்களின் கைபேசிகளும் முழு இரவையும் பிடிக்கின்றன. இதனால் பழைய நிகழ்ச்சிகளைத் தேடும் வேலை எளிதாகிவிட்டது என்று தோன்றலாம். பாதிதான் உண்மை. பதிவேற்றப்படும் காணொளிகளில் பலவற்றுக்கு நடிகரின் பெயரும் "சூப்பர் தர்க்கம்" போன்ற ஒரு தலைப்பும் இருக்கும். ஊரும் தேதியும் இருக்காது. நோட்டீஸில் திட்டம் இருந்தது, பேச்சு இல்லை. காணொளியில் பேச்சு இருக்கிறது, அது எந்த இரவு என்பது இல்லை. இரண்டையும் இணைத்தால்தான் ஒரு நிகழ்ச்சி முழுமையாகக் கிடைக்கும். பதிவேற்றுபவர்கள் காணொளியின் தொடக்கத்தில் நோட்டீஸைப் பத்து விநாடி காட்டினால் போதும்.

மேடையிலும் விளைவு தெரிகிறது. முன்பெல்லாம் மேலூரில் கேட்ட கேள்வியை உசிலம்பட்டியில் கேட்டால் அங்குள்ளவர்களுக்கு அது புதிது. நல்ல கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ஸ்திரீபார்ட் பல பருவங்களைத் தாண்டிவிடலாம். இன்று அந்தக் கேள்வி அடுத்த நாளே எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. எதிரில் நிற்கும் நாரதரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறார், முன்வரிசையில் இருப்பவர்களும் பதிலைத் தெரிந்துகொண்டு அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே புதிய கேள்விகளுக்கான தேவை கூடியிருக்கிறது. புராணத்தை ஆழப் படித்தவர்களுக்கு இது வாய்ப்பு. கேட்டதைத் திருப்பிச் சொல்லி வந்தவர்களுக்கு நெருக்கடி. இன்னொரு பக்கம், எங்கோ ஓர் ஊரில் அந்த ஊராருக்காக மட்டும் சொன்ன கேலி வரி, சூழல் கழன்று மாநிலம் முழுவதும் சுற்றி, சொன்ன பபூன் மீதே புகாராகத் திரும்புவதும் நடக்கக்கூடியதே. அந்த அச்சத்தில் பபூன்கள் ஊர்ப் பெயர்களையும் ஆட்களையும் தொடாமல் பொதுவான வரிகளுக்கு ஒதுங்கினால், நகைச்சுவைப் பகுதியில் அன்றன்று புதிதாகப் பிறந்துவந்த அந்தச் சிறு பங்கும் குறைந்துவிடும்.